கஸ்பாரின் பானையில் உண்டவர்கள்

கடல் அப்போதும் உப்பாகத்தான் இருந்தது, நண்டு அப்போதும் பக்கவாட்டில்தான் நடந்தது, சங்குமுனை என்கிற மணல்திட்டியின் ஆட்கள் அப்போதும் ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடுவிலேதான் சோறு சமைத்து, பிள்ளை பெற்று, திருநாள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அப்படியான ஒரு காலத்தில், மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திய ஒரு திங்கட்கிழமை விடியலில், இரண்டு பக்கத்துப் படைகளுக்கும் ஒரே நேரத்தில் பல் விழுந்தது.

ஒன்றிரண்டு அல்ல, எல்லாம். நோவில்லை, இரத்தமில்லை. விடியக் கண் விழித்தபோது தலைமாட்டில் பிச்சிப்பூ உதிர்ந்து கிடந்த மாதிரி பற்கள் கிடந்தன. பங்கருக்குள் சாக்கு விரித்துப் படுத்தவனுக்கும் விழுந்தது, முகாமில் நுளம்புவலைக்குள் படுத்தவனுக்கும் விழுந்தது, வெற்றிலை போட்டுப் பல் கறுத்த பழைய சிப்பாய்க்கும் விழுந்தது, முந்தாநாள் பிடித்துக்கொண்டு போன பெடியனுக்கும் விழுந்தது. துவக்குத் தூக்காத ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சங்குமுனையில் வயதுபோன மரியாம்பிள்ளைக்குக் கூட, ஆடிக்கொண்டிருந்த அவருடைய ஒற்றைப் பல் ஆடினபடியே இருந்தது.

சங்குமுனைக்குத் தெற்கே, பரவைக்கடலின் அக்கரையில், ஆமியின் முகாம். இடுப்பளவு ஆழத்துக்கு மேல் எங்கும் போகாத அந்தக் கடலுக்கு அப்பால் அவர்களுக்குப் பெரிய பீரங்கி இருந்தது, வானத்தில் ஹெலி இருந்தது, எத்தனை பேர் செத்தாலும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கப் பெடியன்கள் இருந்தார்கள். அது அவர்களுடைய பலம். வடக்கே, அதே கடலின் இன்னொரு கரையில், இயக்கத்தின் காவலரண்கள். அவர்களிடம் ஹெலி இல்லை. ஆனால் எந்த இடத்தில் சேறு, எந்த இடத்தில் மணல் என்று உள்ளங்காலால் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள், பசியைத் தள்ளிப்போடத் தெரிந்த வயிறுகள் இருந்தன, எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொருவர் கழுத்திலும் கறுப்பு நூலில் ஒரு குப்பி தொங்கியது. சின்ன விரல் அளவு கண்ணாடி, உள்ளே நஞ்சு. பிடிபட்டால் கடித்துவிட வேண்டும். தங்களுடைய பலம் என்று அவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

அந்தக் கறுப்பு நூல்களில் ஒன்று எமரன்சியாவின் தம்பி மெல்கியின் கழுத்தில் கிடந்தது.

எமரன்சியா பட்டணத்துக் கொன்வென்ற்றில் படித்தவள். மதர்மார் அவளுக்குக் கண்ணுக்குத் தெரியாத தையல் போடவும், எழுத்தைக் கோட்டுக்கு மேலே நிற்க வைக்கவும், சத்தம் போடாமல் பயப்படவும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்றாவதுதான் அவளுக்கு நன்றாக வந்தது. ஹெலிக்குப் பயம், இடிக்குப் பயம், நாய் குரைத்தால் பயம், நாய் குரைக்காவிட்டால் இன்னும் பயம். வீட்டுக்கொருவர் என்று இயக்கம் வந்து வாசலில் நின்றபோது அவள் பிள்ளைத்தாய்ச்சி. தாய் தகப்பன் இல்லாமல் அவளோடு வளர்ந்த மெல்கி, "அத்தான் போனா அக்காவை ஆர் பாக்கிறது?" என்று கேட்டு, பள்ளிக்கூடப் பையில் இரண்டு சாரத்தை வைத்துக்கொண்டு தானே போனான். மூவிராசாக்கள் திருநாளில் மகன் பிறந்தபோது அவள் கஸ்பார் என்று பெயர் வைத்தாள். மெல்கியோரும் அந்த ராசாக்களில் ஒருவர்தானே. ஒரு ராசா வீட்டில் இருந்தால் மற்றவருக்கு வழி மறக்காது என்று ஒரு கணக்கு.

அந்தத் திங்கட்கிழமை அவள் கஸ்பாருக்கு அரிசியைக் குழைய வேகவைத்து மத்தால் கடைந்துகொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஒன்பதாம் மாதம், இன்னும் பல் வரவில்லை. துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு மெல்கி குசினி வாசலில் வந்து நின்றான்.

"அக்கா," என்றான். குரல் சொதசொதவென்று நனைந்திருந்தது. "மருமோனுக்குக் காய்ச்சினதில எனக்கும் கொஞ்சம் தாவன்."

"என்னடா வாயில? காட்டு."

"ஒண்டுமில்லை."

அவள் துவாயை இழுத்தாள். இளஞ்சிவப்பாய், ஈரமாய், பல்லே இல்லாத முரசு. தட்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கஸ்பார் மாமனின் வாயைப் பார்த்தான். தன்னைப் போலவே ஓர் ஆளைக் கண்டுவிட்ட சந்தோசத்தில் தானும் வாயைத் திறந்து காட்டினான்.

"எல்லாருக்கும்தான் அக்கா. பொறுப்பாளருக்கும்தான். ஆருக்கும் சொல்லிப்போடாத. அந்தப் பக்கத்துக்குத் தெரிஞ்சா இண்டைக்கே ஏறி வருவாங்கள்."

சத்தியம் பண்ணிக்கொடுத்து, தூக்குவாளி நிறையக் குழைச்ச சோறும் கொடுத்து அனுப்பினாள். வெயில் வேலிக்கு ஏறுவதற்குள் வேலிக்கு அப்பால் இன்னொரு ஆள் வந்து நின்றது. ஆமிக் கோப்ரல் லயனல். சிலாபத்துக் கடற்கரைக்காரன், தாய் வீட்டில் தமிழ் பேசினவள் என்பதால் அவனுக்கும் கொஞ்சம் வரும், சோதனைச்சாவடியில் சனம் அவனைக் கண்டால் கொஞ்சம் மூச்சு விடும். கைலேஞ்சியால் வாயை மூடியிருந்தான்.

"தங்கச்சி, பேபிக்குச் சாப்பாடு இருக்கா?"

"இருக்கு. ஏன் கேக்கிறீங்கள்?"

அவன் அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் கைலேஞ்சியை இறக்கினான். பெரிய மீசை, மீசைக்குக் கீழே பிறந்த பிள்ளையின் வாய். "காம்ப் முழுக்க இப்பிடித்தான். பிஸ்கற் எல்லாம் கல்லு. யாருக்கும் சொல்ல வேணாம். அந்தப் பக்கம் தெரிஞ்சா நாங்க முடிஞ்சுது."

எமரன்சியா பானையைப் பார்த்தாள். வடக்கே ஒரு சத்தியம், தெற்கே ஒரு சத்தியம், நடுவில் அகப்பை. இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்துப் பல்லுக்குப் பயந்து நடுங்குகிறது, மற்றப் பக்கத்துக்கும் பல் இல்லை, இது தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று நினைத்துக்கொண்டே அவள் லயனலுக்கும் ஒரு கோப்பை அள்ளிக் கொடுத்தாள். அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுப் பிலோமினாக்கா சுளகோடு வந்து குந்தினாள். வாய் நெருப்பு, மனம் தண்ணீர் என்று ஊரில் பெயர் எடுத்தவள்.

"எடி எமி, ஒரு கதை. நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாத."

"எந்தப் பக்கத்துக் கதை அக்கா?"

பிலோமினாக்கா அவளை உற்றுப் பார்த்தாள். "ஓகோ. உனக்கும் ரெண்டு பக்கமும் சொல்லியாச்சா?"

பின்னேரத்துக்குள் விளங்கிவிட்டது, சங்குமுனையில் இரண்டு இரகசியமும் தெரியாத ஒரு குசினியும் இல்லை. ஆனாலும் அது வாசலைத் தாண்டவில்லை. அந்தச் சனம் இத்தனை வருசமாக எதைப் பார்த்தாலும் பார்க்காத முகத்தோடு நடந்து பழகின சனம். அந்தப் பழக்கம் முதன்முதலாக ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது. ஊரில் பால்குடி மாறுகிற பிள்ளை கஸ்பார் ஒருவன்தான், குழைச்ச சோற்றின் பதம் தெரிந்த கை எமரன்சியாவின் கைதான். ஆகவே அன்னம்மாள் கோயில் திருநாளுக்குக் கஞ்சி காய்ச்சும் கிடாரத்தைத் தூக்கி அவள் முற்றத்தில் வைத்தார்கள். ஒருத்தி அரிசி கொண்டுவந்தாள், ஒருத்தி பூசணிக்காய், ஒருத்தி முள் ஆய்ந்த மீன், கூவைக்கிழங்கு மா, கனிந்த பப்பாளி. கஸ்பாரின் பானை என்று அதற்குப் பெயர் விழுந்தது. வடக்குப் பெடியன்கள் வெயிலேற முந்தி வந்து வாங்கினார்கள், தெற்குப் பெடியன்கள் வெயில் தாழ வந்து வாங்கினார்கள், ஒரு பக்கத்தின் கால்தடத்தை மற்றப் பக்கம் காணாமல் நடுவில் பெண்கள் முற்றத்தைக் கூட்டிவிட்டார்கள்.

சண்டை ஒன்றும் நிற்கவில்லை, குழைந்துபோனது. கட்டளையிடும் ஆளின் வாயிலிருந்து கட்டளைக்குப் பதிலாக வீணிதான் ஒழுகியது. "முன்னேறு" என்றதும் "உறங்கு" என்றதும் ஒரே மாதிரிக் கேட்டபோது பெடியன்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். வோக்கிடோக்கியில் ஒருபக்கம் பேசுவதை ஒட்டுக்கேட்ட மற்றப் பக்கம், எதிரி புதுச் சங்கேத மொழி ஒன்று கண்டுபிடித்துவிட்டான் என்று தலையைப் பிய்த்தது. இரண்டு பக்கமும் அதை உடைக்கக் கெட்டிக்காரரைத் தூர இடங்களிலிருந்து கூப்பிட்டது, வந்து இறங்கின கெட்டிக்காரருக்கு மறுநாள் விடியப் பல் விழுந்தது. முரசு தினவெடுக்க, காவலில் நின்றவர்கள் துவக்கின் வாரைச் சப்பினார்கள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு இரண்டு கரையிலும் எல்லோரும் தூங்கினார்கள், ஒருபக்கமாகச் சரிந்து, கைவிரல் வாய்க்குப் பக்கத்தில் இருக்க. அந்த நேரம் பரவைக்கடலில் தொழிலுக்குப் போகும் எமரன்சியாவின் புருசன் யூஜின், வள்ளத்தில் தாங்குகோலைக்கூட மெல்லத்தான் ஊன்றுவான். "பிள்ளையள் நித்திரை," என்பான் மற்ற வள்ளக்காரருக்கு, விரலை வாயில் வைத்து.

பெண்கள் அவர்களுக்கு வசம்பு தட்டிக் கையில் கட்டிவிட்டார்கள். கழுத்துத் துண்டு தைத்துக் கொடுத்தார்கள். "இஞ்ச பார், உடம்பெல்லாம் சிந்திக்கொண்டு. கொம்மா கண்டா என்ன சொல்லுவா?" என்று பிலோமினாக்கா வடக்குப் பெடியனையும் அதட்டினாள், தெற்குப் பெடியனையும் அதட்டினாள். சிங்களம் மட்டும் தெரிந்தவனுக்கும் அது விளங்கியது. லயனல் தன் பங்கை வேலியோரம் குந்தியிருந்து தின்றுவிட்டு, கஸ்பாரைத் தூக்கி வைத்து, மீசையைப் பிடிக்கக் கொடுப்பான். "தங்கச்சி, எங்க ரெண்டு பேருக்கும் யாருக்கு முதல்ல பல்லு? பெற் கட்டுவமா?"

எமரன்சியா கஸ்பாரைப் பெற்ற பிறகு முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். காரணத்தை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு காலை சோறு வாங்க வந்த மெல்கி, நூலில் தொங்கின குப்பியைச் சும்மா வாயில் வைத்து முரசால் நெருக்கிப் பார்த்து, சிரித்து, துப்பினான். "இப்ப பிடிபட்டா என்ன செய்யிறது எண்டு பொறுப்பாளருக்கு ஒரே யோசினை. முரசால கண்ணாடி உடையாதெல்லே." அவனுக்கு அது பகிடி. அவள் உள்ளே போய்ச் சந்த அன்னம்மாள் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். பல்லில்லாத என் தம்பி சாக முடியாதவன், தாயே, இப்படியே வைத்துக்கொள்.

மாரி பெய்து, பரவைக்கடல் நெஞ்சளவுக்கு ஏறி, திரும்ப இடுப்பளவுக்கு இறங்கியது. ஒரு காலை அவள் கஸ்பாருக்குச் சில்வர் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தபோது, டிங் என்றது.

கரண்டியை எடுத்துத் திரும்ப வைத்தாள். டிங். கீழ்முரசில் அரிசிமணி நுனி மாதிரி ஒன்று. "இஞ்சருங்கோ! பிள்ளைக்குப் பல்லு!" என்று அவள் கத்தின கத்தலில் யூஜின் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். பிலோமினாக்கா வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "அப்ப பல்லுக்கொழுக்கட்டை அவிக்க வேணும், மாவை இடியடி," என்றாள். முற்றம் முழுக்கச் சந்தோசம். அப்போதுதான் மெல்கி வந்தான். சந்தோசத்தில் அவள் மருமகனின் கரண்டியாலேயே மாமனுக்கும் ஒரு வாய் ஊட்டினாள்.

டிங்.

அவள் கை நின்றது. மெல்கி ஒன்றும் கவனிக்காமல் வாயைத் திறந்து அடுத்ததற்குக் காத்திருந்தான். கீழ்முரசில், அதே இடத்தில், அரிசிமணி நுனி. அவனுடைய கழுத்தில் கறுப்பு நூல்.

அன்றிலிருந்து அவளுக்குத் திரும்பவும் தூக்கமில்லை. மகனின் பல்லை விரலால் தடவி மகிழ்ந்த அதே மனம், தம்பியின் பல்லை நினைத்து உறைந்தது. ஒரு பல் போதும், ஒரு குப்பிக்கு. கழற்று என்று சொன்னால் கழற்ற மாட்டான். அது அவனுக்கு அவமானம், மற்றவர்களுக்கு முன்னால் தலைகுனிவு, பிறகு தண்டனை. அழுதால் வரவே மாட்டான். சத்தம் போடாமல் பயப்படத் தெரிந்தவளுக்குச் சத்தம் போடாமல் யோசிக்கவும் தெரிந்திருந்தது. சங்குமுனையில் ஒரு வழக்கம் உண்டு: முதல் பல் முளைத்ததற்குத் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டும்போது, கொட்டப்படுகிற ஆளின் கழுத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது. சங்கிலியோ, சுரூபமோ, செபமாலையோ, எதுவானாலும் கழற்றித் தட்டில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பல் கோணலாக வரும். அவள் கொழுக்கட்டை மாவில் ஒரு கிள்ளு எடுத்து, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, சின்ன விரல் அளவில் உருட்டி, கூரைத் தகரத்தில் காயவைத்தாள். மூன்று வெயிலில் அது கல்லாகிவிட்டது. பிறகு அதை உள்ளே வைத்துக் கறுப்புத் துணியில் ஒரு குட்டிப் பை தைத்தாள், திறக்க வாயில்லாத பை, மதர்மாரின் கண்ணுக்குத் தெரியாத தையலில். "உன்ர நூல் வீணியில ஊறி நாறுதடா," என்று மெல்கிக்குச் சொன்னாள். "கொழுக்கட்டை நாளண்டு குப்பிக்கு ஒரு உறை போட்டுத் தாறன். இரவில மினுங்கவும் மாட்டுது." மெல்கி பொறுப்பாளரைக் கேட்டான். மினுங்காது என்றது பொறுப்பாளருக்குப் பிடித்தது. எல்லாருக்கும் போடலாம் என்றார்.

ஒரு பிள்ளையின் பானையில் உண்டவர் எல்லோரையும் அந்தப் பிள்ளையின் பல்லுக்கொழுக்கட்டைக்குச் சொல்ல வேண்டும், இதுவும் வழக்கம்தான். சொல்லும் வேலை யூஜினுடையது. அவன் புதுச் சேட்டுப் போட்டு, வள்ளத்தில் ஏறி, முதலில் வடக்குக்குப் போய்ச் சொன்னான், பிறகு தெற்குக்குப் போய்ச் சொன்னான், பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வந்தான்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சு. எல்லாரும் வருவினம்."

"வடக்குக்கு எத்தினை மணிக்குச் சொன்னனீங்கள்?"

"ஞாயிறு பூசை முடிய."

"தெற்குக்கு?"

"அதுவும்... ஞாயிறு பூசை முடியத்தான்," என்று யூஜின் புதுச் சேட்டின் பொத்தானைத் திருகினான்.

"ஐயோ, என்ர மாதாவே!" என்று அவள் நிலத்தில் குந்திவிட்டாள்.

"திரும்பப் போய் மாத்திச் சொல்லட்டோ எமி?"

"சொன்ன விசேசத்தை மாத்தினா பிள்ளைக்குக் கூடாதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்றாள் பிலோமினாக்கா வேலிக்கு மேலால். "வரட்டும். கொழுக்கட்டையைக் கூட அவி."

ஞாயிறு வந்தது. கோயில் வளவில், புன்னை மரத்துக்குக் கீழே, கஸ்பாரைச் சின்ன வாங்கில் இருத்தியிருந்தார்கள். வடக்கிலிருந்து பெடியன்கள் துவாயால் வாயைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தார்கள். தெற்கிலிருந்து சிப்பாய்கள் கைலேஞ்சியோடு வள்ளத்தில் வந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் அவர்களும் இந்தப் பக்கம் இவர்களும் ஒருவரையொருவர் கண்ட அந்தக் கணத்தில், கோயில் வளவில் கொழுக்கட்டை ஆவியைத் தவிர வேறொன்றும் அசையவில்லை. துவக்குகள் ஏறின. மூடின வாய்களுக்கு மேலே கண்கள் மட்டும். மற்றவனுக்குப் பல் இருக்கிறது, எனக்கு இல்லை என்று ஒவ்வொரு கண்ணிலும் எழுதியிருந்தது. எமரன்சியா மெல்கியைப் பார்த்தாள். அவன் விரல் துவக்கில்.

பங்குச்சாமியார் வயதானவர், கண் மங்கல். அவருக்கு நிற்பவர்கள் எல்லோரும் சனமாகத்தான் தெரிந்தார்கள். "ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஆறப்போகுது, போடுங்கோ," என்றார்.

எமரன்சியா இரண்டு பக்கத் துவக்குகளுக்கும் நடுவால் போய், மகனின் கழுத்துச் சுரூபத்தைக் கழற்றித் தட்டில் வைத்து, தலைக்கு மேலே வெள்ளைத் துணியைப் பிடிக்கச் சொல்லி, பிறை மாதிரி மடித்துத் தேங்காய்ச் சொட்டால் பல் வைத்த கொழுக்கட்டைகளை இரண்டு கையாலும் அள்ளித் தலைமேல் கொட்டினாள். அவை உருண்டு மடியில் விழ விழ, கஸ்பார் அவற்றைப் பார்த்தான், மரத்தின் இரண்டு பக்கமும் நின்ற முகமூடிச் சனத்தைப் பார்த்தான், அந்த ஒற்றைப் பல்லைக் காட்டி, வயிறு குலுங்க, விக்கல் எடுக்குமட்டும் சிரித்தான்.

லயனலுக்குத்தான் முதலில் அடக்க முடியாமல் போனது. புக் என்று அவன் சிரிக்கக் கைலேஞ்சி விழுந்தது. அதைக் கண்டு மெல்கி சிரித்தான், துவாய் அவிழ்ந்தது. பிறகு துவாயும் கைலேஞ்சியும் கொழுக்கட்டை மாதிரி உதிர்ந்தன, அந்தப் பக்கம் வெறும் முரசு, இந்தப் பக்கம் வெறும் முரசு, அங்கங்கே கீழ்வரிசையில் ஒரு வெள்ளைப் புள்ளி. சிரிப்பு நின்றது. ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள்.

"உங்களுக்குமா?" என்றான் லயனல்.

"எப்பயிலயிருந்து?" என்றான் மெல்கி.

"அந்தத் திங்கக்கிழமை."

"எங்களுக்கும்தான். அட சனியன்!" என்று மெல்கி துவக்கை மரத்தில் சாத்திவிட்டு, ஒரு கொழுக்கட்டையை எடுத்து வாய்க்குள் போட்டான். "மாரி முழுக்க உங்கட பல்லுக்குப் பயந்து நான் நித்திரை கொள்ளேல்லை!"

"நித்திரை கொள்ளேல்லையோ?" என்றாள் பிலோமினாக்கா. "மத்தியானத்தில உன்ர குறட்டை எங்கட கோழியை எழுப்பிச்சு."

முளைக்கத் தொடங்கின எல்லோருக்கும் போட வேண்டும் என்றார் சாமியார். வரிசையாகக் குந்தினார்கள், இரண்டு கரையும் கலந்து, பெரிய பெரிய முழங்கால்களை மடக்கிக்கொண்டு. பெண்கள் கழுத்துகளைத் துப்புரவாக்கினார்கள். சிப்பாய்களின் இலக்கத் தகடுகள் ஒரு தட்டில், பெடியன்களின் குப்பிகள் ஒரு தட்டில். மெல்கி தலையைக் குனிந்து கொடுத்தபோது எமரன்சியா அந்த நூலை முதல் தடவையாகத் தொட்டாள். கண்ணாடி அவன் நெஞ்சுச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

குப்பித் தட்டை அவள் கோயில் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தாள், மூடுகிற துணியை எடுக்கப் பின்னறைக்குப் போனாள், திரும்பி வந்து, இடுப்புச் சேலையிலிருந்து தன்னுடைய குட்டிப் பையை உருவிக்கொண்டு தட்டுக்கு மேல் குனிந்தபோது, தட்டுக்குள் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. பிலோமினாக்காவின் கை. அவள் கையிலும் ஒரு கறுப்புப் பை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அந்த ஒல்லிப் பெடியனுக்கு," என்றாள் பிலோமினாக்கா, பிடிபட்ட பிள்ளை மாதிரி. "அவனுக்குத் தாயில்லையாம். உன்ர தையலைப் பாத்துத்தான் பழகினனான். கோணல்தான்."

கதவு கிரீச்சிட்டது. மரியாம்பிள்ளையின் மருமகள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னும் ஒருத்தி. ஒவ்வொருத்தியும் முந்தானையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு. சோறு ஊட்டின ஒவ்வொருத்தியும் தனக்கென்று ஒருவனைத் தெரிந்து வைத்திருந்தாள், தான் ஒருத்திதான் இந்தத் துரோகத்தைச் செய்யப்போகிறேன் என்று பயந்துகொண்டு தனித்தனியாக மாவுருட்டிக் காயவைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தபோது பை கிடைக்காத பெடியன் ஒருவனும் மிஞ்சவில்லை. பிரித்தார்கள், மாற்றினார்கள், நூலைக் கட்டினார்கள். நடுவில் எமரன்சியா நிமிர்ந்தபோது வாசலில் லயனல் நின்றான், இன்னும் கொழுக்கட்டை கேட்க வெறும் கோப்பையோடு. தட்டைப் பார்த்தான். கண்ணாடிகளைப் பார்த்தான். மெல்லத் திரும்பி, வாசலை அடைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி, காவலுக்கு நிற்பது போல நின்றான். "இப்ப உள்ள போக வேணாம், கொழுக்கட்டை வேகுது," என்று அங்கே வந்த ஒரு பெடியனுக்குச் சொன்னது கேட்டது.

அந்தக் கண்ணாடிகளைச் சாமியார் மறுநாள் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, ஆழமாகக் குழி வெட்டுவித்துத் தாட்டார். என்ன என்று கேட்கவில்லை. சவப்பெட்டிக்குச் சொல்கிற செபத்தை முழுதாகச் சொன்னார்.

தட்டு வெளியே வந்தது, கறுப்பு நூல்கள் கழுத்துக்குத் திரும்பின. கஸ்பாருக்கு முன்னால் புத்தகம், கத்தரிக்கோல், வலைத்துண்டு, செபமாலை எல்லாம் பரப்பி, எதை எடுக்கிறான் பார்ப்போம் என்று எல்லோரும் குந்தியிருந்தார்கள். அவன் எல்லாவற்றையும் கடந்து தவழ்ந்துபோய், கிடாரத்தில் சாத்தியிருந்த அகப்பையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பட்டாளமும் கைதட்டியது.

பற்கள் வளர்ந்தன. அது நிற்கிற காரியமில்லை. கட்டளைகள் திரும்பவும் விளங்கத் தொடங்கின, பிஸ்கற் திரும்பவும் கடிபட்டது, பானைக்கு வருகிற ஆள் குறைந்தது. லயனலை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். போகுமுன் வேலிக்கு மேலால் கஸ்பாரிடம் மீசையைக் கொடுத்துவிட்டுப் போனான், பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை, அன்னம்மாள் திருநாளில் இன்றைக்கும் அவனுக்கென்று ஒரு தட்டுக் குழைச்ச சோறு எடுத்து வைக்கிறார்கள். அடுத்த மாரியில் பெரிய சண்டை வந்தது. பீரங்கிச் செல்லுக்குப் பல் தேவையில்லை. பிலோமினாக்காவின் ஒல்லிப் பெடியனை அது கொண்டுபோனது. வடக்குக் கரை விழுந்த அன்று மெல்கி பரவைக்கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் தனியாக நின்றான், நாலு பக்கமும் துவக்குகள். கழுத்துப் பையை வாயில் வைத்து, கண்ணை மூடி, முழுப் பலத்தோடும் கடித்தான்.

கடக் என்றது. காத்திருந்தான். சாவு வரவில்லை. பதிலாகக் கீழ்வரிசையில் உயிர்போகிற நோவு வந்தது, நாக்கில் பல்லின் துண்டு ஒன்று வந்தது, அதோடு கொஞ்சமாய், மிகக் கொஞ்சமாய், சர்க்கரை இனித்தது. அவனுக்கு எல்லாம் விளங்கியது. "அக்கோய்!" என்று அவன் சங்குமுனைப் பக்கம் திரும்பிக் கத்தின கத்தலில் கோபம்தான் இருந்தது. கத்தக் கத்தவே அவனைப் பிடித்து இழுத்து வள்ளத்தில் போட்டார்கள்.

மெல்கியைப் பல வருசம் உள்ளே வைத்திருந்தார்கள். அவன் ஒரு கடிதமும் போடவில்லை. எமரன்சியா எல்லாவற்றுக்கும் பயந்தபடியே இருந்தாள். இப்போது கூடுதலாக ஒரு பயம்: வந்தால் என்ன சொல்வான்?

வந்தான். ஒரு மத்தியானம், பஸ்ஸால் இறங்கி, அதே மாதிரி ஒரு பையோடு, குசினி வாசலில் வந்து நின்றான். தலையில் நரை. அவள் அடுப்பங்கரையில் எழும்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் குந்தியிருந்தாள். மெல்கி அவளைப் பார்த்தான். அத்தனை வருசமும் சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் வாய்வரைக்கும் வந்தது போல வாயைத் திறந்தான்.

"பாத்தியா நீ செய்த வேலையை," என்று கீழ்வரிசையில் இருந்த ஓட்டையை விரலால் காட்டினான்.

முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த கஸ்பார் அகப்பையும் கையுமாக ஓடிவந்து, இந்தப் புது மனுசனின் வாய்க்குள் எட்டிப்பார்த்தான். பிறகு தன் வாயை 'ஆ' என்று அகலத் திறந்தான். அதே இடத்தில் அவனுக்கும் ஓட்டை.

"எனக்கும் நேற்று விழுந்தது மாமா," என்றான். "பயப்பிடாதேங்கோ. திரும்ப முளைக்கும்."

மெல்கியின் வாய் கோணியது, சிரிப்புக்கா அழுகைக்கா என்று அதற்கே தெரியாத மாதிரி. பிறகு அப்படியே படியில் குந்தி, அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"அக்கா," என்றான், திரும்பிப் பார்க்காமல். "பசிக்குது."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. எமரன்சியா மூடியைத் திறந்து, இன்னும் ஒரு கோப்பை தண்ணீர் விட்டாள், குழையட்டும் என்று.